நாற்பத்தொன்றாவது பொட்டு

ஜூன் 9, திங்கள்

உறுதியாகிவிட்டது. பெங்களூர்க் கம்பெனி எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்குகிறதாம். தாமோதரன் சார் காலையில் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார். அவர் பேசும்போது வாசலைப் பார்த்தேன். எப்போதும் தொங்குகிற எலுமிச்சை மிளகாயைக் காணோம். அமாவாசை தவறாமல் பூசணிக்காய் உடைக்கிற மனிதர், வருகிறவர்கள் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவார்களோ என்று அதைக் கழற்றி டிராயருக்குள் போட்டுவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த பேக்கரி மாடியில் 'தூக்குப்போசி'யை ஆரம்பித்தபோது யாரும் எங்களைச் சீந்தவில்லை. ஒரு சின்னப் பெண் அப்பாவுக்குத் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போக வேண்டும், வழியில் சாம்பார் சிந்தக் கூடாது, அவ்வளவுதான் விளையாட்டு. ஒவ்வொரு தெருவும் ஒரு லெவல். தெருக்களைக் கட்டியது நானும் ஹெலனும்.

சார் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். "லெவல் டிசைனர் ஒருத்தர் போதும்ங்கறாங்க. இருபதாம் தேதி வந்து யாருன்னு முடிவு பண்ணுவாங்க."

ஹெலன் யாருக்கும் தெரியாமல் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "யார எடுத்தாலும் நமக்குள்ள என்னட்டி" என்றாள். தூத்துக்குடிக்காரி பிரியமாகப் பேசினாலே சண்டைக்கு வருகிற மாதிரிதான் இருக்கும்.

எனக்கு இந்த வேலை போகக் கூடாது. எங்கள் பட்டறையில் ஆர்டர் இல்லாமல் இரண்டு லேத்தும் துணி போர்த்திக்கொண்டு நிற்கின்றன. வீடு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

ஜூன் 10, செவ்வாய்

பெங்களூரிலிருந்து ஆசிஃப் என்று ஒருவன் வந்திருக்கிறான். வாணியம்பாடிக்காரன். வாய் நிறைய மேடம். கூடவே ஒரு ஏஜென்ட். ஆள் இல்லை, மென்பொருள். ஒரு பெட்டியில் கேள்வியைத் தமிழிலேயே தட்டினால் போதும், புராஜெக்ட் முழுக்கத் துழாவி, எங்கெங்கே லெவல் இருக்கிறதோ கண்டுபிடித்து வரிசையாகப் போட்டுவிடும். சார் ஆர்வம் தாங்காமல் "சாப்டாச்சா?" என்று தட்டிப் பார்த்தார்.

எங்கள் ஃபோல்டர்கள் இருக்கிற அழகை நினைத்து எனக்கு வியர்த்தது. 'கடைசி', 'கடைசி 2', 'இதுதான் கடைசி', 'சத்தியமா கடைசி'. போன தீபாவளிக்கு 'ரயில்வே கேட்' லெவலைக் காணோமென்று நானும் ஹெலனும் அரை நாள் தேடினோம். அதை இந்தச் சனியன் நான் ஒரு வாய் டீ குடிப்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிட்டது. மொத்தம் அறுபது லெவல் என்றது. சரியான கணக்கு.

வயிறு எரிந்தது. ஆனால் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், கெட்டிக்காரச் சனியன்.

ஜூன் 11, புதன்

இன்றைக்குப் பட்டியலில் ஒரு கட்டம் கூடியிருந்தது. 'உருவாக்கியவர்'.

மேலிருந்து கீழே ஹெலன், ஹெலன், ஹெலன். என் பெயர் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து இடத்தில். அறுபதில் நாற்பது தெரு நான் கட்டியது!

காரணம் உடனே புரிந்துவிட்டது. போன வருடம் மென்பொருள் மாறியபோது ஒவ்வொரு லெவலையும் திறந்து திரும்பச் சேமிக்க வேண்டியிருந்தது. எனக்கு அம்மை போட்டு வேப்பிலையோடு வீட்டில் கிடந்தேன். ஹெலன் தனியாக உட்கார்ந்து அத்தனையையும் சேமித்தாள். பழைய வரலாறெல்லாம் பழைய கம்ப்யூட்டரோடு காயலான் கடைக்குப் போய்விட்டது. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. முதலில் சேமித்தவர் என்று அதன் கண்ணில் படுகிற பெயரை எடுத்துப் போடுகிறது. அந்த ஐந்தும் அதற்குப் பிறகு நான் செய்தவை.

ஹெலனும் பட்டியலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

நாளைக்குச் சொல்லிவிடுவாள். ஆசிஃபைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று இருப்பாள். அவள் அப்படித்தான்.

ஜூன் 12, வியாழன்

சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் வாயைத் திறக்கவில்லை. டீக்குக் கீழே பேக்கரிக்கு வா என்றால் வேலை இருக்கிறது என்கிறாள். போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்விடுகிறாள். மூன்று நாளாக மத்தியானம் வெறும் தயிர்சோறு. குற்றமுள்ள நெஞ்சுக்குச் சோறு இறங்காது, வேறென்ன.

நானே கேட்கலாம் என்று எங்கூட்டுக்காரர் சொன்னார். நான் ஏன் கேட்க வேண்டும்? என் பொருளை என்னுடையது என்று நான் கெஞ்ச வேண்டுமா? சாரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "ஏம்மா, எல்லாரும் சேந்து செஞ்சதுதானே. இப்பப் போயி உன்னுது என்னுதுன்னா அவங்க என்ன நெனப்பாங்க? கம்முனு இரு" என்றார். நல்லா இருக்கு நியாயம்.

மாலைக் கூட்டத்தில் இன்னொரு கூத்து. ஆசிஃப் திரையைக் காட்டி, "பல லெவல்ல ஒரு சின்னக் கறுப்பு உருண்டை இருக்குங்க மேடம். பொண்ணு கிளம்புற எடத்துக்குப் பின்னாடி, சுவரோட மூலைல. கேமரா அங்க போறதே இல்ல. பயனில்லாத பொருள், நீக்கவான்னு ஏஜென்ட் கேக்குது" என்றான்.

எனக்குக் காது சூடேறிவிட்டது. அது நான் வைக்கிற திருஷ்டிப் பொட்டு. ஒரு தெருவைக் கட்டி முடித்ததும் யார் கண்ணும் படக் கூடாது என்று மூலையில் ஒரு கறுப்பு உருண்டையை வைத்துவிட்டுத்தான் மூடுவேன். முதல் லெவலிலிருந்து பழக்கம். யாருக்கும் சொன்னதில்லை.

பெங்களூர்ப் பையன் முன்னால் இதைச் சொல்ல முடியுமா? சாரே எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்திருக்கிறார்! யாரோ "ஆட்டுப் புழுக்கையாட்டம் இருக்குது" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "குப்பைதானுங்க, எடுத்துடுங்க" என்று நானே சொன்னேன்.

திங்கள் காலை ஏஜென்டை விட்டு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சுத்தமான புராஜெக்டையும் பட்டியலையும் பெங்களூருக்கு அனுப்புகிறானாம்.

ஜூன் 15, ஞாயிறு

அன்னூரில் ஒறம்பரை வீட்டில், எங்கூட்டுக்காரர் வழிச் சொந்தம், காதுகுத்து. குழந்தை கன்னத்தில் எட்டணா அகலத்துக்கு மை. அதன் அத்தைக்காரி மடியில் வைத்துக்கொண்டு, "இந்தப் பொட்ட வெச்சது யாருன்னு பாத்தாலே தெரியும், எங்கண்ணிதான். அவளுக்குத்தான் கை இத்தனை தாராளம்" என்று கேலி செய்தாள்.

இலையில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே எழுந்துவிட்டேன். பொட்டு வைத்தது யாரென்று தெரியும்! என் லெவல் எது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதைத்தான் மடச்சி மாதிரிச் சிரித்துக்கொண்டே குப்பை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

ஆசிஃபுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். "சோத்துக் கையோட யாருக்கு அடிக்கற?" என்று எங்கூட்டுக்காரர் திட்டினார். திரும்பி வருகிற வழியெல்லாம் அடித்தேன். சுவிட்ச் ஆஃப்.

ஜூன் 16, திங்கள்

ஹோப் காலேஜ் சிக்னலில் பஸ் நின்றது நின்றதுதான். இறங்கி ஓடினேன். மாடி ஏறும்போது செருப்பு ஒன்று கழன்றுவிட்டது, திரும்பி எடுக்கவில்லை.

ஆசிஃப் திரை முன்னால் உட்கார்ந்திருந்தான். 'நீக்கவா?' என்று கேட்டுக்கொண்டு அந்த ஏஜென்ட் காத்திருந்தது.

"இருங்க! தொடாதீங்க!" என்றேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திருஷ்டி, பொட்டு, அம்மை, ஹெலன் சேமித்தது, எல்லாம். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "எங்கக்கா பையனுக்கும் வைப்பாங்க மேடம். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே" என்றான்.

பெட்டியில் தட்டினான்: கறுப்பு உருண்டை உள்ள லெவல்களை மட்டும் கண்டுபிடி. ஏஜென்ட் தேடியது. பட்டியல் விழ ஆரம்பித்தது. பஞ்சாலை ரோடு, மாரியம்மன் கோயில் வீதி, ரயில்வே கேட், சந்துக்கடை. ஒவ்வொரு பெயருக்கும் எனக்குக் கண்ணீர் வந்தது. கடைசியில் நாற்பத்தொன்று என்று நின்றது.

"இது அத்தனையும் உங்களுதா மேடம்?" என்றான். நான் தலையாட்டினேன். அவன் பெயர்க் கட்டத்தைத் திருத்திப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டான்.

பட்டியலில் மீன் சந்தையும் இருந்தது. அது ஹெலனுடையது. இயந்திரம்தானே, ஏதோ தப்பாகச் சேர்த்திருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

புதுப் பட்டியல் எல்லாருக்கும் போய்விட்டது. ஹெலன் அதை மெதுவாக மேலிருந்து கீழே வரை படித்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

மத்தியானம் ஆசிஃப் சந்தோஷமாக வந்தான். "பெங்களூர்ல முடிவு பண்ற மாளவிகா மேடம் உங்க மீன் சந்தையைப் பாத்துட்டு அசந்துட்டாங்களாம். மழை, நீலத் தார்ப்பாய், கால் வழுக்குற ஐஸ் கட்டி. இதைக் கட்டுனவங்கதான் வேணும்னு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை வெறும் சம்பிரதாயம்தான் மேடம்."

ஹெலன் இரண்டு அடி தள்ளித்தான் இருந்தாள்.

நான் என்ன செய்யட்டும்? நானா எழுதினேன் அந்தப் பட்டியலை? ஏஜென்ட் கண்டுபிடித்தது, ஆசிஃப் அனுப்பினான். அவள் வேண்டுமானால் என்னிடம் கேட்கட்டுமே. ஒரு வாரம் என் முப்பத்தைந்து லெவலைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவள்தானே. ஒரே ஒரு லெவலுக்கு நான் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டுமாக்கும்.

ஜூன் 18, புதன்

மாவு அரைத்தேன். தலையணை உறை எல்லாம் துவைத்தேன். எங்கூட்டுக்காரர் "லீவு போட்டுட்டு ஊட்ட தலைகீழாப் பண்ணிட்டிருக்கற, என்னாச்சு?" என்றார். தலைவலி என்றேன்.

சரி, எழுதிவிடுகிறேன். ஏஜென்ட் தப்பாகச் சேர்க்கவில்லை. மீன் சந்தையில் பொட்டு வைத்தது நான்தான்.

அவள் அதை முதன்முதலில் காட்டிய அன்று எல்லாரும் கை தட்டினார்கள். தார்ப்பாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தூக்குப்போசி மூடியில் விழும் சத்தம்கூட வைத்திருந்தாள். நான் "அடேங்கப்பா! இப்படி ஒண்ண நான் செத்தாலும் கட்ட முடியாது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாகிவிட்டது. அத்தனை பொறாமை எனக்கு. என் கண்ணே பட்டுவிடுமோ என்று, அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் லெவலைத் திறந்து மூலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் ஓட்டித் தள்ளிவிடுவாள்.

ஜூன் 19, வியாழன்

இன்றைக்கு டீக்குப் போகும்போது மாடிப்படியில் ஹெலன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இல்லைங்க, ஆபரேஷன தள்ளிப் போடாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்." அவள் வீட்டுக்காரர் வில்சன் அண்ணன் துபாயிலிருந்து முதுகு வலி என்று வந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு ஏன் இது இத்தனை நாளாகத் தெரியவில்லை என்று யோசிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கும் கஷ்டம் இருக்கிறது. எல்லாருக்கும்தான் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

மாளவிகா மேடம் காட்டன் சேலையில் வந்தார். சேலத்தில் வளர்ந்தவராம், நன்றாகத் தமிழ் பேசினார். நேராகத் திரையில் மீன் சந்தையைப் போடச் சொன்னார். பெண் தூக்குப்போசியோடு மழையில் நடந்தாள். ஐஸ் கட்டியில் வழுக்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஹெலனைப் பார்த்தேன். அவள் மேஜைக்கு அடியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போவதற்குத் தயாராக இருந்தாள்.

"இந்த மழை யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு, கோகிலவாணி?" என்று கேட்டார்.

வாயில் பதில் தயாராக இருந்தது. உக்கடம் மீன் மார்க்கெட் என்று சொல்லலாம் என்று நேற்று ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் திரையில் அந்தத் தண்ணீர் மூடியில் விழுந்தது. டக் டக் என்று. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். பெரிய மனசெல்லாம் ஒன்றும் இல்லை.

"எனக்கு வரலைங்க. அது ஹெலன் கட்டுனது" என்றேன்.

ஆசிஃப் நிமிர்ந்தான். "மேடம், அதுல உங்க பொட்டு இருக்கே?"

"இருக்குதுங்க. நான்தான் வெச்சேன்." குரல் கோபமாகத்தான் வந்தது. "அது அவ்வளவு நல்லா இருந்துச்சு. எனக்குப் பொறாமையாப் போச்சு. என்ற கண்ணே பட்டுருமோன்னு அவளுக்குத் தெரியாம வெச்சுட்டேன். மிச்ச நாப்பதும் என்னுதுதான். இது மட்டும் அவளுது."

யாரும் சிரிக்கவில்லை. சார் டிராயரைத் திறந்து மூடினார். ஹெலன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஹெலனை எடுத்துக்கொண்டார்கள். மாளவிகா மேடம் என்னிடமும் தனியாகப் பேசினார். நாற்பது லெவலும் ஒழுங்கான வேலை என்றார், ஆனால் இடம் ஒன்றுதான் என்றார். ஒழுங்கான வேலையாம்.

சார், "ஏம்மா வாயக் குடுத்து மாட்டிக்கிட்ட? நாந்தான் கம்முனு இருன்னேனே" என்றார். அவரையும்தான் எடுக்கவில்லை, பாவம்.

படியில் ஹெலன் வழி மறித்தாள். பன்னிரண்டு நாள் அடக்கி வைத்ததெல்லாம் எனக்கு அங்கேதான் வெடித்தது.

"அந்தப் பட்டியல் வந்தன்னைக்கே நீ ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையேட்டி."

"கேட்டாத்தான் சொல்லுவியா? நாம அப்படியா பழகுனோம்?"

"கேட்டிருந்தா உங்கிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அதனாலதான் நீ கேட்டுரக் கூடாதுன்னு தெனம் ஜெபம் பண்ணுனேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்கு ஆபரேஷன். எனக்கு வேற வழி தெரியலட்டி."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்ல? உன் வேலைய எனக்குக் குடுன்னா?"

கையை உதறிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் போய்விட்டுப் பிறகு வந்தார்.

ஜூன் 25, புதன்

அமாவாசை. மேஜையைக் காலி செய்யப் போனேன். வாசலில் எலுமிச்சை மிளகாய் மறுபடி தொங்கியது. சார் பூசணிக்காய் உடைத்து, ரோட்டில் வண்டி வழுக்கக் கூடாதென்று தானே பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நானும் உதவி செய்தேன்.

ஹெலன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பாள்.

ஜூலை 2, புதன்

இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். புளி வாங்க வேண்டும். எங்கூட்டுக்காரருக்குப் பல்லடத்திலிருந்து ஒரு சின்ன ஆர்டர் வந்திருக்கிறது. ஒரு லேத்திலிருந்து துணியை எடுத்தார்.

ஹெலனிடமிருந்து இரண்டு தடவை போன். எடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது ஆசிஃப் கூப்பிட்டான். வேலை கிடைத்துவிட்டதா என்று விசாரித்தான். தெரிந்த கம்பெனி ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறானாம், திங்கட்கிழமை பேசச் சொன்னான். நல்ல பையன். அவனைப் பற்றி இந்த டைரியில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன்.

வைப்பதற்கு முன்னால், "மேடம், ஒரு விஷயம். இன்னைக்குத்தான் அந்தக் கறுப்பு உருண்டையெல்லாம் நீக்கினோம். புராஜெக்ட் விதி, வேற வழியில்ல. சொல்லாம செய்ய மனசு வரல" என்றான்.

"எடுத்துக்கங்க தம்பி. குப்பைதானே" என்றேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

"எல்லாம் போகல மேடம். ஒரு படம் அனுப்புறேன் பாருங்க."

கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஏஜென்டின் திரை. மீன் சந்தை லெவலின் மூலையில் என் பொட்டைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டியிருந்தது. வழக்கம் போல, பயனில்லாத பொருள், நீக்கவா என்று கேட்டிருந்தது. கீழே பதில் தட்டியவர் பெயர் ஹெலன்.

'வேண்டாம். பயன் இருக்கு.'

எருமை. இதை எனக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு, ஒரு மிஷினிடம் சொல்லியிருக்கிறாள். வில்சன் அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்றும் தெரியவில்லை. உலையை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டு நன்றாகத் திட்ட வேண்டும்.